இருமலுக்கு எரிந்த விளக்கு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? இதை நானே எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்!

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. காது கொஞ்சம் மந்தம், வேறொன்றுமில்லை. அதற்குத்தான் போன் அடித்தால் விளக்கு எரியும்படி ஒரு கருவி செய்திருக்கிறேன். நகமளவு சில்லுக்குள் எவ்வளவு மூளை!

நேற்று விளக்கு எரிந்தது. நீதான் என்று ஓடினேன், இல்லை. மறுபடி எரிந்தது, மறுபடி ஓடினேன். கூடத் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன் சிரித்தார்.

"பெரியவரே, அது உங்க இருமலுக்கு எரியுது!"

கருவியில் சத்தத்தைக் கேட்கும் மைக்கில் இருந்த குட்டித் திருகைத் திருப்பிச் சரிசெய்தோம். இப்போது இருமலுக்கு எரிவதில்லை. போனுக்கு எரியுமா என்று தானே கூப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

"வேணாம்பா, மொதல்ல அவ கூப்பிடட்டும்" என்றுவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இது கிடைத்ததும் ஒரு சாயங்காலம் கூப்பிடு. விளக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன்.

உன் வீட்டுக்காரன்