ஷேவிங் பைக்கு அடியில் கிடந்தது

என்னங்க,

மருந்துக்கடைக்குக் கிளம்பிவிட்டேன். டிபன் மேசைமேல் மூடியிருக்கிறது. நாலு மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

சோப்பு, சீப்பு, பிரஷ், கப்பலில் தலைசுற்றினால் போட மாத்திரை எல்லாம் நீலப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. உங்கள் ஷேவிங் பையை மட்டும் வைக்கவில்லை. நேற்று அதைத் திறந்ததிலிருந்துதானே இத்தனை சண்டையும்.

இரண்டு மாதத்து ஹார்ட் மாத்திரை, அட்டைகூடப் பிரிக்காமல் அடியில் கிடக்கிறது. கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல, கடையை வீட்டுக்குக் கொண்டு வராதே" என்று கத்துகிறீர்கள். ஊருக்கெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள், சொந்த வீட்டில் கோட்டை விட்டுவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் நானும் வாய்க்கு வந்தபடி பேசினேன். "தனியாவே போய்ட்டு வாங்க" என்றது மனதிலிருந்து வந்ததில்லை.

காலையில் டாக்டருக்குப் போன் செய்தேன். "நான் பார்க்காம அவரைக் கப்பல் ஏத்தாதீங்க" என்றார். நடுக்கடலில் உங்களுக்கு நெஞ்சு வலித்தால் நான் யாரைக் கூப்பிடுவேன்? பதினொரு மணிக்கு உங்களைக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார். கடையில் சொல்லிவிட்டு நானும் நேரே அங்கே வந்துவிடுகிறேன்.

பி.கு: விட்ட மாத்திரையையெல்லாம் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். டாக்டர் சொல்லட்டும்.

இன்னொன்று: அவர் வேண்டாம் என்றால் கப்பல் போனால் போகட்டும். மாத்திரை போட்டாலே நோயாளி ஆகிவிடுவோமோ என்று பயந்துதான் மறைத்தீர்கள், எனக்குத் தெரியாதா? இனிமேல் "பயமா இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் திட்ட மாட்டேன்.