உடைமரத்துக் கீச்சான் கூடு

மே 4, ஞாயிறு
ஆறு மணிக்கே வெயில். சேகரோடு ஆமத்தூர் கண்மாய். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் டிசைன் வேலை அவனுக்கு. ஞாயிறானால் என்னோடு பறவை பார்க்க வந்துவிடுவான். உடைமரத்தில் கீச்சான் குருவியின் கூடு! தாய் அடைகாக்கிறது. கிட்டே போவதில்லை, யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். என் படத்தில் இலை மறைத்துப் பாதிக் குருவிதான். போதும்.
வீட்டுக்கு வந்து மனைவி ஆயிஷாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஒங்க அத்தா கடையில மொளகா வத்தல் மூட்டையில வண்டு விளுந்து கெடக்கு. நீங்க குருவி பின்னாடி அலைங்க."

மே 18, ஞாயிறு
புழுக்கம். கூடு காலி. முன்னால் இருந்த ரெண்டு கொப்பை யாரோ வெட்டி, வெயில் நேரே உள்ளே. முட்டையைக் காக்கா தூக்கியிருக்கும். ஆடு மேய்க்கும் மாடசாமியைப் பிடித்துக் கத்தினேன், ஆடு தின்னும் குழைக்காக வெட்டியது அவர்தான் என்று.
"நா வெட்டலய்யா. ஆட்டு மேல சத்தியம்."
"பொய் சொல்லாதீக. இங்கன வேற யாரு வாரா?" இது சேகர். என்னைவிடச் சத்தம். திரும்பும் வழியில் டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றினான். நல்லவன்.

ஆகஸ்ட் 2, சனி
காற்று. கடை முழுக்க வத்தல் நெடி. வருசா வருசம் ஆடி 18-க்கு வருகிற காலண்டர் ஏஜெண்ட், நாளை ஞாயிறு என்று இன்றே புது ஆல்பத்தோடு ஆஜர். புரட்டினேன். கீச்சான். அதே மரம், அதே கூடு. உள்ளே நாலு முட்டை, பளிச்சென்று. ஓரத்தில் வெட்டிய கொப்பின் வெள்ளை முனை. சேகரின் அச்சகம்.
போன் போட்டேன். மறுக்கக்கூட இல்லை.
"கொப்பு மறைச்சுச்சு மாப்ளே, வெளிச்சம் விளல. ரெண்டே கொப்பு. இதுக்குப் போயி..."
"மாடசாமியப் பாத்து என்னைய ஏம்லே கத்த விட்ட?"
"பெறகு என்ன சொல்லச் சொல்ற?"
கட். பாவி. அந்த டீயை நினைத்தால்தான் குமட்டுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
மாடசாமியிடம் மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போனேன். ஆள் இல்லை. அந்தப் பக்கம் ஆட்டைப் பத்திக்கொண்டு வருவதையே விட்டுவிட்டாராம்.

ஆகஸ்ட் 4, திங்கள்
லோடு இறக்கம். மத்தியானம் அத்தா கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. கடைக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்றாம். சாமி படம் நாங்கள் போடுவதில்லை. ரோஜா, அருவி, இப்படித்தான் ஓடும்.
"இந்த வருசம் ஒனக்குப் பிரியமானதாப் பாத்து எடுத்துட்டேன்லே. அந்தக் குருவிக் கூடு. கீள நம்ம கடைப் பேரு, பெருசா."
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நல்லாருக்கு அத்தா" என்றேன்.