தோணா இன்னும் மௌத்தாகவில்லை

இன்று காலை ஆற்றுவாய் வெட்டினார்கள். மாரி மழையில் நம் தோணா, அந்தச் சின்னக் களப்பு, விளிம்பு தட்டி நின்றது. கடலுக்கும் அதற்கும் நடுவே கிடந்த மணல்மேட்டை இயந்திரத்தால் அறுத்ததும், தேங்கிய தண்ணீர் பாய்ந்து அடிச்சேற்றின் வாடை எங்கள் குசினி வரை வந்தது. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் திறந்தேன். உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

நீ உயிரியல் ரீச்சர். நான் கந்தோரில் காணிப் படம் வரைகிறவள். ஒரு வருட வெள்ளத்தில் உங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்க, இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு மேல் கதிரையை வைத்து உன் உம்மாவை அதில் இருத்திவிட்டு ஃபோனில் எனக்குக் கோல் எடுத்தாய். "தண்ணி போற பாதைய நாம அடைச்சிப்போட்டுத் தண்ணிக்கு ஏசுறம்கா. எங்கெங்க அடைபட்டிரிக்கெண்டு பாப்பம், வா."

அப்படித்தான் நம் வரைபடம் தொடங்கியது. லீவு நாட்களில் கடல்வாயிலிருந்து மேற்கே வயல்வெளியின் வடிச்சல் வாய்க்கால் வரை நடந்தோம். நீ போத்தலில் தண்ணீர் பிடித்து உப்பும் ஒட்சிசனும் பார்த்தாய். சேற்றைக் கிளறி உயிர் இருக்கிறதா என்று தேடினாய். நான் இடத்தைக் குறித்தேன். நலமாக இருந்த இடத்துக்குப் பச்சை, நோயுற்ற இடத்துக்கு மஞ்சள், செத்துப்போன இடத்துக்குச் சிவப்பு.

அபாயா சேற்றில் தோய நின்ற நம்மைப் பார்த்துப் பாலத்தின் மேலிருந்து ஒருவர் கேட்டார்: "ரெண்டு பொம்பிளையளும் என்னத்தத் தேடுறீங்க?"

"தண்ணிக்குள்ள காணிக்கு உறுதிப் பத்திரம் முடிச்ச ஆக்களத் தேடுறம். உங்களுக்கும் இரிக்கா?" என்றாய். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அன்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. சந்தைக்குப் பின்னால் தோணா குறுகும் இடத்தை மண் போட்டு நிரப்பிக் கடைத்தொகுதி கட்ட ஒரு ஒப்பந்தக்காரர் அனுமதி கேட்டிருந்தார். நம் படத்தில் அந்த இடம் மஞ்சள். சிவப்பாக இருந்தால் அவருக்கு வேலை சுலபம். செத்த இடத்தை நிரப்புவதை யார் தடுப்பார்கள்? அனுமதியை முடிவுசெய்ய நம் படத்தை வைத்துக் கூடிய கூட்டத்தில் அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "ரீச்சர், அது செத்த தண்ணி. குப்பையும் நாத்தமும்தான். சிவப்ப அடிச்சி உட்ருங்க."

நீ எழும்பினாய். கொழும்பு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு கல்முனை பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பு உனக்கு இன்னும் தீரவில்லை. ஸ்காஃபுக்குள் முடி உதிர்ந்த தலை இருப்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அந்தச் சேத்துக்குள்ள இறால் குஞ்சு இரிக்கி. கண்டல் மரம் முளைச்சிரிக்கி. உசிரோட இரிக்கிற வருத்தக்காரரப் பாத்து மையத்தெண்டு எழுதச் சொல்றீங்களா? நான் எழுத மாட்டன்."

முடிவு தள்ளிப்போடப்பட்டது.

கிடைத்த அவகாசத்தில் அங்கே கண்டல் நட்டோம். ஆற்றுவாய் நெடுநாள் மூடிக் கிடந்ததில் தண்ணீர் உயர்ந்து கன்றுகளெல்லாம் அழுகின. நான் கரையில் இருந்து அழுதேன். நீ ஒரு கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டு, "இஞ்ச பள்ளம்கா. மேட்டுல நடுவம்" என்றாய். மேட்டில் நட்டவை பிடித்தன. முதல் இலை விட்டதை நீ படுக்கையில் கிடந்தபடி என் ஃபோனில்தான் பார்த்தாய்.

நீ மௌத்தாகிச் சில நாட்களில் அந்த ஒப்பந்தக்காரர் என் கந்தோருக்கு வந்தார். உனக்காகக் கையேந்தி துஆச் செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனி அந்தப் படத்தத் திருத்தலாம்தானே தங்கச்சி?" என்றார்.

"மௌத்தானது அவ. நான் இன்னும் இரிக்கன்" என்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு உன் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வெள்ளத்தில் யார் வீட்டில் எது மிதந்தது என்று ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். உன் உம்மாவும் எழும்பினார். இடுப்பில் கையை வைத்துத் தண்ணீர் நின்ற அளவைக் காட்டிவிட்டு இருந்துவிட்டார். அனுமதி இல்லை என்று முடிவானது. அதற்குள் திருட்டுத்தனமாகக் கொட்டியிருந்த மண்ணை யாரும் அள்ளவில்லை. அந்த மூலை போனது போனதுதான். மிச்சத்தில் நம் கண்டல் என் தலைக்கு மேலே நிற்கிறது. இந்த மாரியில் உங்கள் ஒழுங்கைக்குள் கணுக்கால் நனையத்தான் தண்ணீர் வந்தது.

ஆனாலும் அந்த மஞ்சள் இன்னும் பச்சையாகவில்லை. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து வடிச்சலோடு வந்து இறால் குஞ்சுகளைக் கொல்கிறது. அந்தச் சண்டையை நீ தொடங்கினாய், முடிக்கக் கிடைக்கவில்லை. வாய்க்காலின் முதல் வயல் உன்னோடு கூடப்பிறந்த காக்காவுடையது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பிடிவாதம். நம் ஆட்கள்தானே என்று வாயை மூடிக்கொள்ள அது என்னை விடுவதில்லை. நேற்று காக்காவுக்குக் கோல் எடுத்தேன். மருந்து அடித்த கையோடு தண்ணீரை வாய்க்காலுக்குள் திறந்துவிட வேண்டாம் என்றேன்.

"அவ இரிக்கக்குள்ள இதுக்குத்தான் என்னோட சண்டை புடிச்சா. இப்ப நீயுமா தங்கச்சி?"

"ஓம் காக்கா, இப்ப நான்தான். நாளைக்கு வயலுக்கு வாறன். தேத்தண்ணி ஊத்தி வைங்க."