நீ பார்த்த விரிசல்

அன்பு மச்சான் சேகர்,

நீ கண்ணை மூடி நாற்பது நாள் கழித்து எழுதுகிறேன். நீ இருந்தபோது இரண்டு வருஷம் ஒரு போன்கூடப் பண்ணாதவன் நான்.

இங்கிலாந்தில் நாம் மெக்கானிக்காக இருந்த ஷெட்டில் அந்த ரெண்டு சீட்டு ஹெலிகாப்டர் நினைவிருக்கிறதா? நம்மைவிட வயதானது. முதலில் வயலுக்கு மருந்தடித்தது, பிறகு பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்தது, கடைசியில் ஒரு பெரியவரின் ஞாயிற்றுக்கிழமை ஆசையாகி நின்றது. மேலே சுழலும் இறக்கைக்கு இத்தனை மணி நேரம்தான் ஆயுள். அதற்குப்பின் பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றி எறிய வேண்டும். அதன் பதிவேட்டிலோ பழைய பக்கங்களே இல்லை. எத்தனை மணி பறந்ததென்று யாருக்குத் தெரியும்?

இறக்கையின் அடியில், பெயின்ட்டுக்குள், முடி மாதிரி ஒரு கோடு. டார்ச் அடித்து நீதான் காட்டினாய். நானும் பார்த்தேன். "இது பறக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாய். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரிகிறதா?"

"இல்லை" என்றேன்.

"இன்னாடா மச்சான், பாத்துக்கினுதானே இருந்த?" என்று தமிழில் கேட்டாய். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் விசா அவர் கையில் இருந்தது. உன்னுடையதும்தான்.

அந்த வாரமே உன்னை வேலையைவிட்டு ஊருக்கு அனுப்பினார்கள். கையெழுத்தை நான் போட்டேன். மூன்று ஞாயிறு அந்தப் பெரியவர் பறந்தார். அவர் இறங்கும்வரை கழிவறைக்குள் நின்றிருந்தேன். நாலாவது வாரம் தாங்க முடியாமல், புதிதாகப் பார்த்தவன்போல அந்தக் கோட்டைக் காட்டினேன். சுரண்டினால் விரிசல் உள்ளே ஓடியிருந்தது. பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு, "என் உயிரைக் காப்பாற்றினாய்" என்று அழுதார். அப்போதும் உன் பெயரைச் சொல்லவில்லை. எப்படி முடிந்தது என்னால்?

நேற்று சதுரங்கப்பட்டினம் போனேன். நீ படகு இன்ஜின் பழுதுபார்த்த கொட்டகையை உன் மனைவி செல்வி பூட்டிவைத்திருக்கிறாள். "உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசல அண்ணா. அவனுக்கும் புள்ளகுட்டி கீதுன்னுதான் சொல்வாரு" என்றாள். அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

கொட்டகைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அங்க சொல்லுங்க. அவரு பேரச் சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பெரியவருக்கும் விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் நாளை எழுதுகிறேன். முதல் வரியில் உன் பெயர் இருக்கும். லைசென்ஸ் போனால் போகட்டும். இந்த ஒன்றிலாவது பின்வாங்க மாட்டேன், மச்சான்.

அப்படி உன்னைக் கூப்பிட இன்னும் வெட்கப்படும் உன் மச்சான்,
ரமேஷ்
ஊரப்பாக்கம்