செகண்ட் ஷிப்டு கொலைகாரன்

நேற்றுக் காலை பீரோவைத் திறந்து அந்தக் காக்கிச் சட்டையை எடுத்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. சில வருஷத்துக்கு முன்னால் நாம் நடித்த துப்பறியும் தொடரை மண்டபத்தில் மொத்தமாகப் போட்டுக் காட்டுகிறார்களாம். நடித்தவர்கள் வேஷத்தோடு வர வேண்டும் என்று கேபிள்காரர் சொல்லியிருந்தார். வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. நீ இருந்திருந்தால் உன் சட்டை உனக்குத் தொளதொளவென்றுதான் இருந்திருக்கும். அதை நினைத்தும் எனக்கு எரிச்சல் வந்தது.

நான் இன்ஸ்பெக்டர், நீ கொலைகாரன். எனக்குப் பக்கம் பக்கமாக வசனம், உனக்கு வெறும் பார்வை. ஓசூர் லோக்கல் கேபிளில் ஞாயிறுதோறும் வந்த அந்தத் தொடருக்கு, கல்யாண வீடியோ எடுப்பவர்தான் டைரக்டர். மூன்று மணிக்கு முதல் ஷிப்டு விட்டதும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து இருவரும் ஷூட்டிங்குக்கு ஓடுவோம். இரண்டே வாரத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் உன்னைப் பார்த்து, "ஏனப்பா கொலெகாரா, டீ குடீத்தியா?" என்று கன்னடத்தில் கூப்பிட்டார். பிறகு என்னைக் காட்டி, "இவுரு யாரு?" என்றார். இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

கம்பெனியில் நம் லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். ஷிப்டு லிஸ்ட் எழுதுவது என் கை. அடுத்த வாரம் உன்னை செகண்ட் ஷிப்டில் போட்டேன். அதற்கடுத்த வாரமும்.

"என்னாண்ணா, மறுபடியும் எனக்கே செகண்ட் ஷிப்டா?" என்று போர்டைப் பார்த்தபடி கேட்டாய்.

"ஆர்டர் அவசரம்பா. மேனேஜர் சொல்லிட்டாரு."

"செரிங்ணா" என்று போய்விட்டாய். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை.

செகண்ட் ஷிப்டில் மாட்டிக்கொண்டு நீ ஷூட்டிங்குக்கு வராததால் டைரக்டர் கதையை மாற்றினார். கொலைகாரன் தலைமறைவு! மிச்ச எட்டு வாரமும் சூளகிரிப் பக்கம் சோளக்காட்டுக்குள் உன்னைத் தேடி நான் மூச்சிரைக்க ஓடினேன். ஊரே "அவன் எங்க, எப்ப வருவான்?" என்று கேட்டது. ஒவ்வொரு வசனத்திலும் உன்னைப் பற்றியே பேசிப் பேசி, உன்னைப் பெரிய ஆளாக்கியவன் நான்தான்.

நேற்றும் அதே கூத்து. திரையில் நீ முதன்முதலாகத் திரும்பிப் பார்த்ததும் மண்டபம் அதிர்ந்தது. போன வருஷம் மஞ்சள் காமாலையில் நீ போனதை நினைத்துச் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, எனக்கு எப்போது கைதட்டுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். யாரும் தட்டவில்லை.

முடிந்ததும் உன் மனைவி என்னிடம் வந்தாள். "ஷிப்டு லிஸ்ட நீங்களாத்தான் மாத்துனீங்கன்னு அவருக்கு அப்பவே தெரியும்ணா. மேனேஜரையே போய்க் கேட்டுட்டாரு."

சேராத பொத்தானை இழுத்துப் பிடித்தபடி கேட்டேன். "கோவப்படலியாம்மா?"

"சந்தோஷம்தான் பட்டாரு. 'அண்ணனே பயப்படற அளவுக்கு நடிச்சிருக்கறேன் பாரு'ன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாரு."

தெரு பூராவா! அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. உன் நடிப்பைப் பற்றி நான் ஒருநாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. என் கெட்ட புத்தியையே நீ பாராட்டாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அந்த மனசு உனக்கு எங்கிருந்து வந்தது என்று நேற்றிலிருந்து வயிறு எரிகிறது.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்கிறேன். பொறாமை போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நீ என்னைவிட நன்றாக நடித்தாய்.