சுருங்கிய மூன்று விரல்கள்

பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் அவள், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்து, இன்னும் எழுந்திராத கணவருக்கு எழுதினாள்:

"ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. என்கிட்ட இருந்த சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட.

நேத்து சாயங்காலம் நீங்க குளிச்சிட்டு வந்தப்போ உங்க வலது கையைப் பார்த்தேன். அஞ்சு விரலும் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கியிருந்துச்சு. தண்ணியில ஊறினா தோல் தானா சுருங்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை, நரம்பு சொன்னாத்தான் சுருங்கும். கடையில கண்ணாடி கிழிச்சு நரம்பு அறுந்த புதுசுல, டாக்டர் உங்க கையை வெந்நீர்ல வெச்சுக் காட்டினாரே, உணர்ச்சி போன மூணு விரல் மட்டும் வழவழன்னு அப்படியே இருந்துச்சு.

நேத்து அஞ்சு விரலையும் பார்த்துட்டுத்தான் 'இப்ப எப்படி இருக்கு?'ன்னு கேட்டேன். 'மரக்கட்டைதான், ஒண்ணும் தெரியலை'ன்னீங்க. என் முகத்தைப் பார்த்தே சொன்னீங்க.

இந்தக் கைக்காகத்தான் வெளியூர்ல தலைமையாசிரியை வேலையை ரெண்டு தடவை வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன். நேத்துக் காலையிலகூட உங்க சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டேன். போன வாரம் மறுபடியும் கேட்டாங்க, உங்ககிட்டயும் சொன்னேன். வர்றேன்னு நேத்து ராத்திரி சொல்லிட்டேன்.

கேஸ் சிலிண்டர்காரர் பத்து மணிக்கு வருவார். கையெழுத்து நீங்களே போடுங்க, உங்களால முடியும்."

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். தாளில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"'போகாதே'ன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தா, நான் போயிருக்கவே மாட்டேன்."