பூவாயியம்மாவின் ஐஸ் பெட்டி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்துக்கு மீன் வாங்கத்தான் போனேன். உன் ஆராய்ச்சியை வேவு பார்க்க அல்ல.

மீன் விற்கும் பெண்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி நீல ஐஸ் பெட்டி. யார் கொடுத்தது என்று அவர்களில் ஒருவரான பூவாயியம்மாவிடம் கேட்டேன்.

"கிட்னி டாக்டரு. மாசாமாசம் வந்து ரத்தம் எடுத்துகினு போறாரு."

பிடிக்காவிட்டால் ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளலாமே என்றேன்.

"வெலகுனா பொட்டிய திருப்பிக் குடுத்துடணும்னு சொல்லிகீறாங்கோ. அப்பால மீன எதுல வச்சி விக்கிறது?"

அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டு எங்கள் நெறிமுறைக் குழுவுக்கு நீ அனுப்பிய விண்ணப்பத்தில், எல்லோரும் விருப்பத்தோடு வருகிறார்கள், ஒருவர்கூட விலகவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாயா? அல்லது குழுவில் வக்கீல் உறுப்பினராக அக்கா இருக்கிறாள் என்ற தைரியமா? இத்தனை மாதம் எட்டிப்பார்க்காதவன் போன வாரம் பிரியாணியோடு வந்து நின்றாயே, அதையும் இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

சொந்தக்காரரின் விண்ணப்பத்தை எடுக்கும்போது உறுப்பினர் அறையில் இருக்கக்கூடாது என்பது விதி. வெள்ளிக்கிழமை நானும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆனால் பூவாயியம்மாவை நேரில் விசாரிக்கும்படி தலைவரிடம் சொல்லிவிட்டேன். பெட்டியோடு வருகிறார்.

உன் அக்கா